எக்ஸ்டீபக் மாதிரி ஒரு கருவியை வைத்துப் பிழைக்க முடியுமா? மொரீஷியஸ், ரியூனியன், டர்பன் நிரலர்களுக்கு ஒரு கேள்வி

மோக்கா_நிரலர் (மொரீஷியஸ்)

வணக்கம். வலைத்தள நிரல்மொழியான பிஎச்பி-யில் வேலை பார்க்கிற ஒருவர் எக்ஸ்டீபக் (பிஎச்பி நிரலில் பிழை தேடும் டீபக்கர்), கம்போசர் (பிஎச்பி பொதிகளை நிறுவித் தருவது) போல மற்ற நிரலர்கள் பயன்படுத்தும் திறமூலக் கருவி ஒன்றையே தொழிலாக்கிக்கொள்ள நினைத்தால் வழி என்ன? "ஆர்வம் இருந்தால் போதும்" வகைப் பதில்கள் வேண்டாம். எப்படி நுழைவது, எங்கே சறுக்கும், காசு எந்த வழியாக வரும், சம்பளம் தரும் கம்பெனி "இது எங்களுடையது" என்றால் என்ன ஆகும்? இந்த நாலுக்கும்தான் விவரம் தேவை.

பழைய_டீபக்கர் (எபேன், மொரீஷியஸ்)

மனக்கணக்கு போடுவதைவிட, நடந்த ஒரு பாதையைப் பார்த்துவிடலாம். டெரிக் ரெத்தன்ஸ் எக்ஸ்டீபக்கைத் தொடங்கியது 2002-இல். இடையில் நார்வேயின் ஈஸி சிஸ்டம்ஸ், பிறகு மாங்கோடிபி என்ற தரவுத்தள நிறுவனத்தில், அதைப் பிஎச்பி-யோடு இணைக்கும் டிரைவர் நிரலை எழுதும் வேலை. 2021 நவம்பரில் பிஎச்பி மொழியின் வளர்ச்சிக்குப் பணம் தரும் பிஎச்பி ஃபவுண்டேஷன் உருவாகி, அடுத்த ஆண்டு அது ஊதியம் கொடுத்து அமர்த்திய முதல் சிலரில் அவரும் ஒருவர். எக்ஸ்டீபக்குக்குத் தனியாக ஆண்டுச் சந்தாவும் உண்டு. பிஎச்பி 5.1-இல் வந்த தேதி-நேர நிரலும் அவர் எழுதியதுதான். தொடக்கத்துக்கும் ஃபவுண்டேஷன் ஊதியத்துக்கும் நடுவே 20 ஆண்டு என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சம்பளங்களை வாங்கித் தந்தது கருவியின் பெயர் இல்லை. பிஎச்பி இயந்திரத்தின் உள்ளே எந்தத் திருகாணி எங்கே இருக்கிறது என்று தெரிந்திருந்ததே. கருவி எழுதுகிறவனுக்குச் சந்தையில் விலைபோவது அந்த அறிவுதான். கருவி அதற்கு நடமாடும் சான்றிதழ்.

நுழைவதைப் பற்றி: புதுக் கருவியோடு ஆரம்பிக்காதீர்கள். ஏற்கெனவே இருக்கிற ஒன்றின் பிழைப் பட்டியலில் உட்காருங்கள். "வேலை செய்யவில்லை" என்று யாரோ எழுதியதை 15 வரி நிரலாகச் சுருக்கி, எந்தப் பதிப்பில் உடைந்தது என்று கண்டுபிடித்துத் தருகிற ஆள் எல்லாத் திட்டத்திலும் பற்றாக்குறை. நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டின் பைசெக்ட் கட்டளை தெரிந்தால் 1000 கமிட்டில் (பதிந்த மாற்றத்தில்) குற்றவாளியைப் பிடிக்க 10 சோதனை போதும். ஒவ்வொரு முறையும் பாதி கழிகிறது. ஆனால் நடுவில் உள்ள கமிட்டுகள் சில கம்பைலே ஆகாது. அதை "கெட்டது" என்று குறித்தால் முடிவு தப்பாக வரும். "ஸ்கிப்" கொடுக்க வேண்டும். முதல் முறை செய்கிறவர்கள் பாதிப் பேர் இங்கேதான் தவறுகிறார்கள்.

மோக்கா_நிரலர்

நன்றி அண்ணே. பிஎச்பி-யில் எழுதிய கருவி என்றால் புரிகிறது. சி மொழியில் உள்ள எக்ஸ்டென்ஷன் (பிஎச்பி-க்குக் கூடுதல் வசதி சேர்க்கும் பாகம்) பக்கம் போக என்ன தேவை?

பழைய_டீபக்கர்

பிஎச்பி மூலத்தை நீங்களே கட்டிப் பாருங்கள்: பில்ட்கான்ஃப், பிறகு கன்ஃபிகர், பிறகு மேக். கன்ஃபிகரில் "எனேபிள் டீபக்" கொடுக்க மறக்கக் கூடாது. கொடுத்தால்தான் நிரல் முடியும்போது விடுவிக்கப்படாத நினைவகத்தைக் கோப்பு, வரி எண்ணோடு சொல்லும். நினைவகக் கசிவு தேடும் வால்கிரைண்டில் ஓட்டும்போது பிஎச்பி இயந்திரமான ஜெண்டின் நினைவக ஒதுக்கியைச் சூழல் மாறியால் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் அது பெரிய துண்டாக வாங்கி உள்ளே பங்கிடுவதால் கசிவு எதுவும் வால்கிரைண்ட் கண்ணில் படாது.

சோதனைகள் பிஎச்பிடி என்ற கோப்பு வடிவில் இருக்கும்: தலைப்பு, ஓட்ட வேண்டிய நிரல், எதிர்பார்க்கும் வெளியீடு. முதல் பங்களிப்பாக ஒரே ஒரு பிஎச்பிடி கோப்பு அனுப்புங்கள். திருத்தம் கூட வேண்டாம், பிழையைக் காட்டும் சோதனை மட்டும். ஏற்றுக்கொள்ள யாரும் தயங்க மாட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை. டீபக்கர், ப்ரொஃபைலர் (நிரலின் வேகத்தை அளப்பது) மாதிரி கருவிகள் இயந்திரத்தின் உள் அமைப்பைத் தொட்டுக்கொண்டே இருப்பவை. பிஎச்பி ஆண்டுக்கு ஒரு பதிப்பு, ஆண்டுக் கடைசியில். ஒவ்வொரு பதிப்பிலும் உள் அமைப்பு கொஞ்சம் மாறும், பழைய எக்ஸ்டென்ஷன் ஏறாது. ஆல்ஃபா (முன்னோட்டப் பதிப்பு) வந்த நாளிலிருந்து சோதித்தால்தான் வெளியீட்டு நாளில் உங்கள் கருவி தயாராக இருக்கும். காவடி எடுக்கிறவர் விரதத்தைத் தைப்பூசத்தன்று காலையிலா ஆரம்பிக்கிறார்?

ரோஸ்ஹில்_அக்கா (மொரீஷியஸ்)

நிரல் எழுதுவதைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். வெளியிடுவதில்தான் பெயர் கெடும். அதைச் சொல்லிவிடுகிறேன்.

கம்போசர் பொதிகளைப் பட்டியலிடும் பேக்கஜிஸ்ட் தளத்தில் கோப்பு எதையும் ஏற்றுவதில்லை. கிட் டேக்தான் (ஒரு கமிட்டுக்கு இடும் பதிப்புப் பெயர்) வெளியீடு. "சின்னத் தவறுதானே" என்று அதே டேக்கை வேறு கமிட்டுக்கு நகர்த்தாதீர்கள். நிறுவிய பதிப்புகளைக் குறித்துவைக்கும் கம்போசர் லாக் கோப்பில் கமிட்டின் ஹாஷ் (அடையாளக் குறி) எழுதப்பட்டிருக்கிறது. ஒரே பதிப்பு எண்ணில் ஒருவரிடம் பழைய நிரலும் இன்னொருவரிடம் புதிய நிரலும் ஓடும். வருகிற பிழை அறிக்கைகளை எந்த ஜென்மத்திலும் உங்களால் மறு உருவாக்கம் செய்ய முடியாது. 1.4.0 கெட்டுப்போனால் 1.4.1 போடுங்கள். எண்ணுக்கு என்ன பஞ்சமா?

அடுத்து, பதிப்பு எண் 0.x-இலேயே ஆண்டுக்கணக்கில் தங்குவது. கம்போசரில் கேரட் குறியோடு (^) 1.2 என்று எழுதினால் 2.0-க்குக் கீழே உள்ள எல்லாம் வரும். அதே கேரட்டோடு 0.3 என்றால் 0.4-க்குக் கீழேதான். நீங்கள் 0.4-இல் பாதுகாப்புத் திருத்தம் போட்டால் 0.3 பயனர்களுக்குத் தானாகப் போய்ச் சேராது. பயனர் நூறு பேரைத் தாண்டினாலே 1.0 போட்டுவிடலாம் என்பது என் கருத்து. அடக்கமாக இருக்கிறோம் என்று நினைத்து 0.9-இல் நிற்பது அடுத்தவருக்குச் செய்யும் தொந்தரவு.

பழைய பிஎச்பி பதிப்புக்கான ஆதரவை மைனர் வெளியீட்டில் (1.4-க்குப் பின் 1.5 போல) கைவிடலாமா என்று அடிக்கடி சண்டை நடக்கும். கைவிடலாம். தேவைப்படும் பிஎச்பி பதிப்பைச் சரியாக எழுதியிருந்தால் கம்போசர் பழைய சர்வருக்குப் பழைய வெளியீட்டையே கொடுக்கும். யாருக்கும் எதுவும் உடையாது. ஆனால் ஒரு ஃபங்ஷனின் நான்காவது அளபுருவுக்கு (பராமீட்டர்) முன்னிருப்பு மதிப்பை மாற்றுவது உடைக்கும். நீங்கள் சின்ன மாற்றம் என்று நினைப்பதுதான் வெடிக்கும்.

சந்தேகப்_பேர்வழி (பீட்டர்மாரிட்ஸ்பர்க், தென்னாப்பிரிக்கா)

இவ்வளவும் செய்து ஓசிக்குக் கொடுப்பதற்கு, அலுவலக நேரம் முடிந்ததும் கிரிக்கெட் பார்க்கலாம். 2016-இல் லெஃப்ட்-பேட் நினைவிருக்கிறதா? அந்த 11 வரி நிரலை எழுதியவர் ஜாவாஸ்கிரிப்ட் பொதிக் களஞ்சியமான என்பிஎம்-இலிருந்து எடுத்ததும், அதை நம்பியிருந்த பாதி உலகத்தின் பில்ட் (மென்பொருளைக் கட்டுவது) நின்றது. எடுத்தது ஏன் என்று ஆராய்ந்தவர்களைவிடத் திட்டியவர்கள்தான் அதிகம். பெரிய கம்பெனிகள் பயன்படுத்துகின்றன என்பதால் காசு வரும் என்று யார் சொன்னது?

ரோஸ்ஹில்_அக்கா

யாரும் சொல்லவில்லை தம்பி. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு என்பிஎம்-இல் வெளியிட்டு 72 மணி நேரம் தாண்டியதை, வேறு பொதிகள் நம்பியிருந்தால், எடுக்க முடியாது. அதாவது திரும்பப் பெற முடியாத வாக்குறுதி. அது தெரிந்துதான் வெளியிட வேண்டும்.

சாட்ஸ்வொர்த்_கணக்கர் (டர்பன்)

காசு வராது என்று பொதுவாகச் சொல்வது தப்பு. எந்தப் பெயரில் கேட்கிறோம் என்பதில் இருக்கிறது சூட்சுமம்.

"நன்கொடை" என்ற பொத்தானைக் கம்பெனியில் நிரலர் பார்ப்பார், கணக்குப் பிரிவு பார்க்காது. கணக்குப் பிரிவுக்குச் செலவைப் பதிய ஒரு தலைப்பு வேண்டும். நன்கொடை என்றால் இயக்குநர் ஒப்புதல், நூறு கேள்வி. "மென்பொருள் ஆதரவு, 12 மாதம், இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை" என்று இன்வாய்ஸ் போனால் அதே தொகை மறுபேச்சில்லாமல் நகரும். இன்வாய்ஸில் வரிசை எண், அவர்களுடைய கொள்முதல் ஆணை எண், உங்கள் வரி எண், வங்கியின் ஸ்விஃப்ட் குறியீடு, எந்த நாணயம் ஆகியவை இருக்கட்டும். ஒன்று விட்டுப்போனால் 30 நாள் தவணை 60 நாளாகும். என்ன ஆதரவு தருகிறீர்கள் என்று ஒரு பக்கம் எழுதி இணையுங்கள்: இரண்டு வேலை நாளுக்குள் மின்னஞ்சலுக்குப் பதில், எந்தப் பதிப்புகள் அடங்கும், எது அடங்காது. "அடங்காது" பகுதிதான் முக்கியம். அது இல்லையென்றால் அவர்களுடைய முழுத் தளத்தையும் நீங்களே பழுதுபார்க்க வேண்டி வரும்.

தென்னாப்பிரிக்காவில் வெளிநாட்டுப் பணம் கைக்கு வந்தால் 30 நாளுக்குள் அங்கீகரிக்கப்பட்ட வங்கியிடம் விற்க முன்வைக்க வேண்டும். எதற்கான பணம் என்று வகைக் குறியீடும் கொடுக்க வேண்டும். "பரிசு" என்று போட்டுவிட்டு வரித் தாக்கலில் "சேவை வருமானம்" என்று காட்டினால் இரண்டும் ஒட்டாது, கேள்வி வரும். சம்பளத்துக்கு மேல் இப்படி வருமானம் வந்தால் முன்கூட்டிய வரி: ஆகஸ்ட் கடைசி, பிப்ரவரி கடைசி என இரு தவணை. வாட் பதிவு செய்தவராக இருந்தால் வெளிநாட்டில் இருக்கும் வாடிக்கையாளருக்குச் செய்த சேவைக்கு 0 சதவீதம், ஆனால் அவர் வெளிநாட்டில்தான் இருந்தார் என்பதற்குத் தாள் வைத்திருக்க வேண்டும்.

மொரீஷியஸ்காரர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு. அங்கே நாணயக் கட்டுப்பாடு 1994-இலேயே போய்விட்டது.

மோக்கா_நிரலர்

அமெரிக்கக் கம்பெனி பணம் அனுப்ப டபிள்யூ-8பென் (வெளிநாட்டவர் வரிக்காகத் தருவது) படிவம் கேட்கிறது. மொரீஷியஸுக்கும் அமெரிக்காவுக்கும் இரட்டை வரி ஒப்பந்தம் இல்லையே, 30 சதவீதம் பிடித்துவிடுவார்களா?

சாட்ஸ்வொர்த்_கணக்கர்

ஒப்பந்தம் இல்லைதான். இங்கே அது தேவையும் இல்லை. வேலை செய்த இடம் எதுவோ அந்த நாட்டு வருமானம் அது. மோக்காவில் உட்கார்ந்து செய்த சேவை அமெரிக்க மூல வருமானம் ஆகாது. அதனால் படிவத்தில் ஒப்பந்தச் சலுகைப் பகுதியைக் காலியாக விட்டு, இன்வாய்ஸில் "சேவை முழுவதும் மொரீஷியஸில் செய்யப்பட்டது" என்று ஒரு வரி எழுதுங்கள். ஆனால் மென்பொருள் உரிமத் தொகை என்று எழுதினால் கதை வேறு. ராயல்டி ஆகிவிட்டால் பிடித்தம் பற்றிய பேச்சு வரும். சொல் ஒன்றுதான், வித்தியாசம் 30 சதவீதம். கையெழுத்திட்ட ஆண்டுக்குப் பின் மூன்றாவது ஆண்டின் டிசம்பர் 31 வரை படிவம் செல்லும், அதன் பிறகு புதிதாகக் கொடுக்க வேண்டும்.

ஓப்பன் கலெக்டிவ் என்ற நிதி திரட்டும் தளம் வழியாக வாங்கினால், ஓப்பன் சோர்ஸ் கலெக்டிவ் என்ற அமைப்பு வங்கிக் கணக்கு, இன்வாய்ஸ் எல்லாவற்றையும் தன் பெயரில் நடத்தி 10 சதவீதம் எடுத்துக்கொள்ளும். இரண்டு மூன்று பேர் சேர்ந்து நடத்தும் கருவிக்கு அது மலிவு. தனி ஆளுக்கு, நிரல் பகிரும் தளமான கிட்ஹப்பின் ஸ்பான்சர்ஸ் வசதி எளிது, நாட்டுப் பட்டியலைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

சென்தெனி_தேவா (ரியூனியன்)

எங்கள் பக்கத்துச் சிக்கலைச் சொல்கிறேன், மொரீஷியஸ் நண்பர்களுக்கும் பயன்படும்.

முதலில் உரிமை. பிரெஞ்சுச் சட்டத்தில் எழுத்தாளர் ஊழியராக இருந்தாலும் எழுதியது பொதுவாக அவருக்கே சொந்தம். மென்பொருள் மட்டும் விதிவிலக்கு. அறிவுசார் சொத்துச் சட்டத்தின் எல்113-9 பிரிவுப்படி, பணியின் பகுதியாகவோ முதலாளி சொன்னபடியோ எழுதிய மென்பொருளின் பொருளாதார உரிமை முதலாளிக்குப் போகும். இரவில் வீட்டில் எழுதினேன் என்பது மட்டும் போதாது. அலுவலக மடிக்கணினி, அலுவலக மின்னஞ்சலில் கமிட், அலுவலகத் திட்டத்துக்குத் தேவைப்பட்ட அம்சம் எல்லாம் சேர்ந்தால் வாதம் பலவீனமாகும்.

சாட்ஸ்வொர்த்_கணக்கர்

இங்கே தென்னாப்பிரிக்காவில் இன்னும் ஒரு படி மேலே. 1978-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் கணினி நிரலின் ஆசிரியர் யார் என்றால், அதை உருவாக்குவதைக் கட்டுப்படுத்தியவர். எழுதியவர் என்று இல்லை. ஆகவே ஊழியர் இல்லாத ஒப்பந்தக்காரருக்கும் ஆபத்து: வாடிக்கையாளர் என்ன எழுத வேண்டும், எப்படி எழுத வேண்டும் என்று நிர்வகித்திருந்தால் நிரல் அவருடையது என்று வாதாடலாம்.

பழைய_டீபக்கர்

இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான். வேலையில் சேரும் முன் கருவியின் பெயரையும் ரெப்போ (நிரல் களஞ்சியம்) முகவரியையும் எழுதி "இது ஒப்பந்தத்துக்கு வெளியே" என்று இணைப்பாகக் கையெழுத்து வாங்குங்கள். ஏற்கெனவே சேர்ந்துவிட்டால் மனிதவளப் பிரிவிடமிருந்து இரண்டு வரி மின்னஞ்சலாவது வேண்டும். கிட்டில் தனி மின்னஞ்சலை அந்த ரெப்போவுக்கு மட்டும் அமைத்துவிடுங்கள். பொது அமைப்பில் அலுவலக முகவரி இருந்தால் அதுவே எல்லாக் கமிட்டிலும் ஏறிவிடும், வரலாற்றை மாற்றி எழுதாமல் பின்னால் நீக்க முடியாது.

உரிமக் கோப்பை முதல் நாளே வையுங்கள். உரிமம் இல்லாத பொது ரெப்போ திறமூலம் ஆகாது, எல்லா உரிமையும் ஒதுக்கப்பட்ட நிரல். எம்ஐடி போதும், பேட்டன்ட் வழக்குக்கு அஞ்சும் பெரிய கம்பெனிகள் அப்பாச்சி 2.0-ஐ விரும்பும், அதில் பேட்டன்ட் அனுமதி எழுத்தில் இருக்கிறது. 40 பேர் பங்களித்த பிறகு உரிமத்தை மாற்ற நினைத்தால் 40 பேரிடமும் கேட்க வேண்டி வரும்.

சென்தெனி_தேவா

இரண்டாவது, விற்பனைக்கு வரும் மென்பொருளின் பாதுகாப்பு பற்றிய ஐரோப்பிய சைபர் ரெசிலியன்ஸ் சட்டம். 2024 டிசம்பர் 10 முதல் நடப்பில் இருக்கிறது. தீவிரமாகத் தாக்கப்படும் பாதுகாப்பு ஓட்டையை 24 மணி நேரத்துக்குள் அறிவிக்கும் கடமை 2026 செப்டம்பர் 11 முதல், மற்றவை 2027 டிசம்பர் 11 முதல். வாட் விஷயத்தில் ரியூனியன் ஐரோப்பிய எல்லைக்கு வெளியே, எங்கள் டிவிஏ (பிரெஞ்சு வாட்) 8.5 சதவீதம். இந்தச் சட்ட விஷயத்தில் நாங்கள் உள்ளே. மொரீஷியஸிலிருந்து ஐரோப்பியச் சந்தையில் விற்றாலும் பொருந்தும். ஆளின் ஊரை அது பார்ப்பதில்லை, பொருள் எங்கே விற்பனைக்கு வருகிறது என்று பார்க்கிறது. வணிக நோக்கமில்லாமல் வெளியிடும் திறமூலத்துக்கு விலக்கு உண்டு. ஆனால் செலவை ஈடுகட்டுவதற்கு மேல் ஆதரவுக் கட்டணம் வாங்கினால் வணிகம் என்று கருத வாய்ப்பிருக்கிறது எனச் சட்டத்தின் முன்னுரையே சொல்கிறது. கணக்கர் அண்ணன் சொன்ன இன்வாய்ஸ் வழிக்குப் போகிறவர்கள் இதையும் படித்துவிட்டுப் போகவும்.

சந்தேகப்_பேர்வழி

பார்த்தீர்களா, கிரிக்கெட்.

ரோஸ்ஹில்_அக்கா

😄 பாதுகாப்பு ஓட்டையை எப்படி அறிவிப்பது என்று சொல்லும் கோப்பு ஒன்று, கிட்ஹப்பில் தனிப்பட்ட அறிக்கை வசதியை இயக்குவது, சிவிஇ எண்ணை (ஓட்டைக்கான பொது அடையாள எண்) அங்கேயே கேட்டு வாங்குவது. இந்த மூன்றும் ஒரு மாலை வேலை. அதைச் செய்யாததால் ஓட்டையைப் பொது இழையில் எழுதிவிடுவார்கள், நீங்கள் சனிக்கிழமை இரவு உட்கார வேண்டும்.

இதைவிடப் பெரிய ஆபத்து, களைத்துப் போய்ச் சாவியைக் கையளிப்பது. 2018-இல் ஈவென்ட்-ஸ்ட்ரீம் என்ற என்பிஎம் பொதியை அதன் ஆசிரியர் உதவ வந்த அறிமுகமில்லாதவரிடம் கொடுத்தார். வந்தவர் பிட்காயின் பணப்பை ஒன்றைக் குறிவைத்து நச்சு நிரலைச் சேர்த்தார். 2024-இல் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கக் கருவியில், இரண்டு ஆண்டுக்கு மேல் ஒழுங்காகப் பங்களித்து நம்பிக்கை பெற்ற ஒருவர் பின்வாசல் வைத்தார். எஸ்எஸ்எச் (தொலைவிலுள்ள கணினிக்குள் செல்லும் வழி) உள்நுழைவு அரை விநாடி தாமதமானதை ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற நிரலர் துருவியதால்தான் பிடிபட்டது. ஆகவே உதவியாளருக்கு முதலில் பிழைகளை வகைப்படுத்தும் அனுமதி மட்டும், பிறகு மாற்றக் கோரிக்கையைப் பரிசீலிக்கும் அனுமதி. வெளியிடும் உரிமை கடைசியில், அதுவும் இருபடிச் சரிபார்ப்போடு.

மோக்கா_நிரலர்

ஆதரவுக் கேள்விகளே நேரத்தைத் தின்றுவிடும் என்கிறார்களே, அதை எப்படிச் சமாளிப்பது?

பழைய_டீபக்கர்

எக்ஸ்டீபக்கையே எடுத்துக்கொள்வோம். திரும்பத் திரும்ப வரும் கேள்வி "பிரேக்பாயின்ட்டில் (நிரல் நிற்கக் குறித்த வரியில்) நிற்கவில்லை". காரணம் பெரும்பாலும் திசைக் குழப்பம். ஐடிஇ (நிரல் எழுதும் செயலி) போய் பிஎச்பி-யை அழைக்கிறது என்று மக்கள் நினைக்கிறார்கள். நடப்பது தலைகீழ்: ஐடிஇ காத்திருக்கிறது, பிஎச்பி பக்கத்திலிருந்து எக்ஸ்டீபக் அழைக்கிறது. நிரலைத் தனிப் பெட்டியில் (கன்டெய்னர்) ஓட்டும் டாக்கருக்குள் பிஎச்பி ஓடினால் "லோக்கல்ஹோஸ்ட்" (இதே கணினி) என்பது அந்தக் கன்டெய்னரே. அங்கே ஐடிஇ எங்கிருந்து வரும்? கிளையன்ட் ஹோஸ்ட்டை மாற்ற வேண்டும். லினக்ஸில் ஹோஸ்ட்-கேட்வே வரியை டாக்கர் கம்போஸ் கோப்பில் கூடுதலாக எழுத வேண்டும். மேலும் பழைய வழிகாட்டிகள் 9000 போர்ட் என்கின்றன. வலை சர்வருக்குப் பிஎச்பி-யை ஓட்டித் தரும் பிஎச்பி-எஃப்பிஎம்-உம் அதே 9000-இல் உட்காருவதால் மோதல். 2020-இல் வந்த எக்ஸ்டீபக் 3 அதை 9003 ஆக்கியது.

இதில் கற்க வேண்டியது, அந்தப் பதிப்பு பதிலைக் கருவிக்குள்ளேயே வைத்த விதம். எக்ஸ்டீபக்_இன்ஃபோ என்ற ஒரு ஃபங்ஷன் எந்த மோடு இயங்குகிறது, எந்த அமைப்புக் கோப்பு படிக்கப்பட்டது, எங்கே இணைக்க முயன்று தோற்றது என்று காட்டுகிறது. ஒரே கேள்வி ஐந்தாவது முறை வந்தால் ஆவணத்தில் எழுதாதீர்கள், பிழைச் செய்தியில் எழுதுங்கள். ஆவணத்தை யாரும் படிப்பதில்லை. பிழைச் செய்தியைத்தான் நகலெடுத்துத் தேடுகிறார்கள்.

சென்தெனி_தேவா

தமிழர்களுக்கென்றே காத்திருக்கும் பிழைகளும் உண்டு. "தமிழ்" என்ற சொல் நீளம் எண்ணும் பிஎச்பி ஃபங்ஷன்களில் எஸ்டிஆர்லென்-இல் 15 (பைட்), எம்பி_எஸ்டிஆர்லென்-இல் 5 (யூனிகோட் குறி), கிராஃபீம்_எஸ்டிஆர்லென்-இல் 3 (எழுத்து). நாம் எண்ணுவது மூன்றைத்தான். வெளியீட்டை 512 பைட்டில் வெட்டும் எந்தக் கருவியும் இடைவெளி இல்லாத தமிழ் உரையை 171-ஆவது குறியின் நடுவே அறுக்கும், கடைசியில் கறுப்புக் கேள்விக்குறி நிற்கும். கட்டளை வரியில் அட்டவணை போடும் கருவிகளில் தமிழ் நெடுவரிசை கோணலாகும். பங்களிக்க இடம் தேடுகிறவர் பிடித்த கருவியில் தமிழ் உரையைக் கொடுத்துப் பார்க்கட்டும். அரை மணிக்குள் ஒன்று அகப்படும்.

ரோஸ்ஹில்_அக்கா

நேரமும் அப்படித்தான். மொரீஷியஸில் 2008 அக்டோபர் முதல் 2009 மார்ச் வரை கோடைகால நேரம் (கடிகாரத்தை ஒரு மணி முன்னே நகர்த்துவது) பரீட்சார்த்தமாக இருந்தது. "மொரீஷியஸ் என்றால் எப்போதும் கிரீன்விச் நேரத்தோடு +4" என்று எழுதிவைத்த நிரல் அந்தக் காலத் தேதிகளில் ஒரு மணி தப்பும்.

மோக்கா_நிரலர்

அந்த நேரச் சோதனையைப் பிஎச்பிடி கோப்பாக எழுதினால் முதல் பங்களிப்பாக ஏற்பார்களா?

பழைய_டீபக்கர்

ஏற்கெனவே அப்படி ஒன்று இருக்கிறதா என்று தேதி எக்ஸ்டென்ஷனின் சோதனை அடைவில் முதலில் தேடுங்கள். இல்லையென்றால் எழுதுங்கள். ஆனால் "இப்போதைய நேரம்" எதுவும் உள்ளே வரக் கூடாது, தேதியை நிலையாகக் கொடுங்கள். நேர மண்டலத்தையும் கோப்பிலேயே அமையுங்கள். இல்லையென்றால் உங்கள் கணினியில் தேறும், அவர்கள் சர்வரில் தோற்கும்.